தலைக்கு இவ்வளவு

பிள்ளைகளைத் தனியார் கல்லூரியில் சேர்த்துவிட்டதற்காக நான் பணம் வாங்கியிருக்கிறேன். ஒரு தடவை கைதவறி வாங்கியது இல்லை, வருடக்கணக்காக வாங்கினேன். அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் கணிதத்துக்கு முதுகலை ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். அப்போது மாதம் முடிந்தால் அரசாங்கச் சம்பளம் கணக்கில் ஏறிவிடும். வீட்டில் யாருக்கும் வைத்தியச் செலவு இல்லை, வட்டிக்கடன் இல்லை. கஷ்டத்துக்கு வாங்கினேன் என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. கொடுத்தார்கள், வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வட்டாரம் பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு. ஒரு பக்கம் விசைத்தறி, இன்னொரு பக்கம் கல்லூரிக் கட்டடங்கள். பொங்கல் கழிந்ததும் கல்லூரிகளின் பி.ஆர்.ஓ.க்கள் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாக வர ஆரம்பிப்பார்கள். கையில் டைரி, காலண்டர், சில வருடம் ஹாட்பாக்ஸ். அவர்கள் முதலில் கேட்பது பன்னிரண்டாம் வகுப்புப் பெயர்ப்பட்டியலும் பெற்றோர்களின் செல்போன் எண்களும். அதற்கே ஒரு விலை இருந்தது. அதைத் தாண்டி, நாம் சொல்லி ஒரு பையன் சேர்ந்தால் தலைக்கு இவ்வளவு. ஜூலை, ஆகஸ்டில் கவர் வரும். கவரின் மேல் "ஆசிரியப் பெருமகனாருக்கு நன்றியுடன்" என்று அச்சடித்திருப்பார்கள்.

நான் வாங்கிய காலத்து விலையைச் சொல்லிவிடுகிறேன். அரசுக் கலந்தாய்வு வழியாக ஒரு பிள்ளை சேர்ந்தால் ஒன்றும் கிடையாது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் சிவில், மெக்கானிக்கல் என்றால் ஐயாயிரம். அதே கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் பத்தாயிரம். நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்றால் பதினைந்தாயிரம் வரை. அதாவது பிள்ளையின் வீட்டுக்கு எந்த வழி அதிகச் செலவோ, அந்த வழியில்தான் எனக்கு அதிகம் கிடைத்தது. இந்த விலைப்பட்டியலைத் தெரிந்துகொண்ட பிறகு நான் யாருக்கும் நடுநிலையாக ஆலோசனை சொன்னதாக நினைவில்லை. சொல்லியிருந்தாலும் அதை நானே நம்பமாட்டேன்.

ஏப்ரல், மே மாதங்களில் வீட்டுக்கு வருவார்கள். தறி ஓட்டுபவர்கள், சாயப்பட்டறைக்குப் போகிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் இளநீர் விற்கிறவர். பெரும்பாலும் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து வருவார்கள். பையன் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலிலேயே நிற்பான். எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "நம்மளால ஆகுங்களா சார்?"

வங்கியில் கேட்க வேண்டிய கேள்வியை என்னிடம் கேட்டார்கள். வங்கியில் இருப்பவரை அவர்களுக்குத் தெரியாது, என்னைத் தெரியும். பையனுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன் பொய்க் கணக்கு சொல்வானா என்ற நம்பிக்கை. "ஆகுங்க, பேங்க் லோன் இருக்குதுங்க, நாலு வருசம் பல்லைக் கடிச்சுக்கிட்டா பையன் பாத்துக்குவான்" என்று சொல்லி அனுப்பினேன். எத்தனை பேரிடம் சொன்னேன் என்று எண்ணவில்லை. எண்ணினால் கவர்களை எண்ணியதாகிவிடும்.

ஆகுமா, ஆகாதா என்பதற்கு உண்மையான பதில் உண்டு. எந்தக் கல்லூரி என்பதைவிட எந்த வாசல் வழியாக உள்ளே போகிறோம் என்பதில்தான் அது இருக்கிறது. இது எனக்கு அன்றே நன்றாகத் தெரியும். சுயநிதிப் பொறியியல் கல்லூரி தன் இடங்களில் 65 சதவீதத்தை அரசுக் கலந்தாய்வுக்குக் கொடுக்க வேண்டும், சிறுபான்மைக் கல்லூரி என்றால் 50 சதவீதம். அந்த இடங்களுக்குக் கட்டணத்தைக் கல்லூரி தீர்மானிக்க முடியாது, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான குழு தீர்மானிக்கும். 2017-ல் அந்தக் குழு வைத்தது ஆண்டுக்கு 50,000 ரூபாய், தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு 55,000. நிர்வாக ஒதுக்கீட்டுக்கு 85,000, 87,000. ரசீது இல்லாமல் கைமாறுவது தனி. நன்கொடை வாங்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருப்பது ரசீது தராமல் இருப்பதற்குத்தான் உதவியாக இருந்தது.

கலந்தாய்வில் போனால் இன்னொரு லாபமும் உண்டு. வீட்டில் அதுவரை பட்டதாரியே இல்லை என்றால் முதல் பட்டதாரிச் சான்றிதழைக் காட்டி, கல்விக் கட்டணத்தில் கணிசமான பகுதியை அரசையே கட்டவைக்கலாம். 2010-லிருந்து இருக்கிற சலுகை இது. நிர்வாக ஒதுக்கீட்டுக்குக் கிடையாது, நிகர்நிலைப் பல்கலைக்கழகத்துக்கும் கிடையாது. அரசுக் குழுவின் கட்டண உச்சவரம்பும் நிகர்நிலைக்குச் செல்லாது. என்னிடம் வந்த வீடுகளில் முக்கால்வாசி முதல் பட்டதாரி வீடுகள். அந்தச் சான்றிதழ் எந்த வாசலில் செல்லும், எதில் செல்லாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "சர்ட்டிஃபிகேட் எல்லாம் ரெடி பண்ணி வெச்சுக்கங்க" என்று மட்டும் சொன்னேன். அவர்களும் தாலுகா ஆபீசுக்கு அலைந்து வாங்கிவந்து, பயன்படாத ஒரு காகிதத்தை லேமினேட் செய்து வைத்துக்கொண்டார்கள்.

ஒரு பையனைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். 2018-ல் பிளஸ் டூ முடித்தவன். அப்பா, அம்மா இருவரும் ஒரே பட்டறையில் தறி ஓட்டினார்கள். நல்ல வாரமாக இருந்தால் இருவர் கூலியும் சேர்ந்து ஆறாயிரத்தைத் தொடும். பாவு நூல் வராத வாரம் பாதிகூடத் தேறாது. பையனுக்குக் கட்-ஆஃப் இருநூற்றுக்கு 172 சொச்சம். கணக்கில் மட்டும் இன்னும் கொஞ்சம் வந்திருக்கலாம், அதற்கும் நான்தான் பொறுப்பு. அந்த மதிப்பெண்ணுக்குக் கருப்பூரில் இருக்கும் சேலம் அரசு பொறியியல் கல்லூரியில் மெக்கானிக்கலோ சிவிலோ கிடைக்க வாய்ப்பிருந்தது. இல்லாவிட்டால் பக்கத்திலேயே சுமாரான ஒரு சுயநிதிக் கல்லூரியில் ஈ.சி.ஈ. நிச்சயம்.

அந்த வருடம்தான் பொறியியல் கலந்தாய்வு முதல்முறையாக ஆன்லைனுக்கு மாறியது. அதுவரை கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு நேரில் போய், பெரிய திரையில் இடங்கள் குறைவதைப் பார்த்து, எதிரில் உட்கார்ந்து தேர்வு செய்ய வேண்டியிருந்தது. இப்போது விருப்பப் பட்டியலை வீட்டிலிருந்தோ உதவி மையத்திலிருந்தோ கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். தறிப்பட்டறைக்காரர் மிரண்டுபோய் வந்தார். மிரட்சியைப் போக்குவது என் வேலை. நான் அதைக் கூட்டினேன். "ஆன்லைன்ல எங்க தூக்கிப் போடுவான்னு தெரியாதுங்க, கன்னியாகுமரில கெடச்சாலும் போயித்தான் ஆகணும்" என்றேன். அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. பட்டியலில் நாம் எழுதாத கல்லூரியை யாரும் தரப்போவதில்லை.

பிறகு ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பி.ஆர்.ஓ.வை வரச்சொன்னேன். கம்ப்யூட்டர் சயின்ஸ். ஆண்டுக்கு இரண்டரை லட்சம், விடுதியும் மெஸ்ஸும் தனியாக லட்சத்துக்கு மேல். சீட்டைப் பிடித்துவைக்க அன்றே இருபத்தைந்தாயிரம். பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலின் அசலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மாணவரின் அசல் சான்றிதழைக் கல்லூரி பிடித்துவைக்கக் கூடாது, விலகினால் கட்டணத்தைத் திருப்ப வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி இருக்கிறது. கலந்தாய்வு அழைப்பு வந்தபோது அந்த அப்பா என்னிடம் கேட்டார்: "அசலைத் திருப்பி வாங்க முடியுங்களா?" "வேண்டாங்க, கட்டுன பணம் போயிரும்" என்றேன். என் கவர் அப்போது இன்னும் வரவில்லை.

அந்தப் பையனுக்காக நான் வாங்கியது பதினைந்தாயிரம்.

இதைவிட மோசமானது ஒன்று இருக்கிறது. அதற்கு முந்தைய வருடம்தான் என் மகள் பிளஸ் டூ முடித்தாள். வீட்டில் எந்த பி.ஆர்.ஓ.வும் வாசற்படி ஏற நான் விடவில்லை. முந்தைய வருடங்களின் கட்-ஆஃப் விவரத்தை உட்கார்ந்து அட்டவணை போட்டேன். கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக, இடஒதுக்கீட்டுவாரியாக. இரவு ரயிலில் சென்னை போய், கிண்டியில் வரிசையில் நின்று, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் இடம் எடுத்தோம். நான்கு வருடக் கட்டணம் மொத்தமும் சேர்ந்து அந்தப் பையனின் ஒரு வருடக் கட்டணத்தை எட்டவில்லை. அந்த அட்டவணை என் மேஜை டிராயரில்தான் இருந்தது. தறிப்பட்டறைக்காரர் எனக்கு எதிரில் உட்கார்ந்து "ஆகுங்களா சார்" என்று கேட்டபோதும் அங்கேதான் இருந்தது.

கணக்கு வாத்தியார் போட்டிருக்க வேண்டிய கணக்கை இப்போது போடுகிறேன். நான்கு வருடத்துக்கு மொத்தச் செலவு பதினைந்து லட்சம் என்று வையுங்கள். பிணை இல்லாமல் வங்கி கொடுக்கக்கூடிய கல்விக் கடன் அப்போது ஏழரை லட்சம். அதற்கு மேல் வேண்டும் என்றால் வீட்டுப் பத்திரம் வைக்க வேண்டும். அவர்கள் இருந்தது வாடகை லைன் வீடு. ஏழரை லட்சத்தை வருடத்துக்கு ஒரு பங்காக நான்கு பங்கில் வங்கி கொடுக்கிறது. வட்டி பத்தரை சதவீதம் என்றால், படிக்கும் காலமும் அதன் பிறகு ஒரு வருடமும் தனிவட்டி. முதல் பங்குக்கு ஐந்து வருடம், அடுத்ததற்கு நான்கு, மூன்று, இரண்டு. கூட்டினால் வட்டி மட்டும் சுமார் இரண்டே முக்கால் லட்சம். அது அசலோடு சேர்ந்து பத்தேகால் லட்சமாகும். பத்து வருடத் தவணை என்றால் மாதம் ஏறக்குறைய 13,800 ரூபாய். பெரிய ஐ.டி. நிறுவனங்கள் கும்பலாக எடுக்கும் பிள்ளைகளுக்குத் தொடக்கச் சம்பளம் வெகுகாலமாக ஆண்டுக்கு மூன்றரை லட்சத்தின் பக்கத்திலேயே நிற்கிறது. பிடித்தம் போக மாதம் இருபத்து மூன்று, இருபத்து நான்காயிரம் கைக்கு வரும். அதில் 13,800-ஐக் கழித்துவிட்டு மிச்சத்தில் சென்னையிலோ பெங்களூரிலோ வாடகை கொடுத்துச் சாப்பிட வேண்டும்.

இது வங்கி கொடுத்த பாதிக்கு மட்டும். மீதிப் பாதி எங்கிருந்து வந்தது என்பது எந்தக் கல்விக்கடன் புள்ளிவிவரத்திலும் வராது. எங்கள் பக்கத்தில் தறி ஓட்டுகிறவர் முதலாளியிடம் அட்வான்ஸ் வாங்குவார். அந்த முன்பணம் தீரும்வரை வேறு பட்டறைக்குப் போக முடியாது, கூலி உயர்வு கேட்க முடியாது. இன்னொரு முதலாளி அந்த அட்வான்ஸைக் கட்டி ஆளை எடுத்துக்கொள்ளலாம், கடன் கூடவே போகும். இந்த அப்பா ஏற்கெனவே இருந்த அட்வான்ஸின் மேல் இன்னும் இரண்டு லட்சம் வாங்கினார். அம்மா மகளிர் குழுக்களில் கடன் எடுத்தார், வாரத் தவணை. நகை அடகுக்குப் போனது. மீட்டார்கள், மறுபடி போனது. கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதங்களில் அந்த வீட்டில் எந்தச் சாமானும் வாங்கவில்லை என்று பையன் பிற்பாடு சொன்னான். குறையாகச் சொல்லவில்லை, தன் அம்மாவின் கெட்டிக்காரத்தனமாகச் சொன்னான்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, தறி நின்றது. கூலி இல்லை. வங்கிக் கடனுக்கு ஆறு மாதம் தவணையைத் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதித்தது. பட்டறை அட்வான்சுக்கும் அடகுக்கடைக்கும் அந்த உத்தரவு செல்லாது. கல்லூரிக் கட்டணம் அப்படியேதான் இருந்தது. பையன் வீட்டிலிருந்து செல்போனில் வகுப்பு கேட்டான். தறி மறுபடி ஓட ஆரம்பித்ததும் அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழாது, காவிரிப் பாலத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வான். மூன்றாம் வருடக் கட்டணம் பாக்கி என்று ஹால்டிக்கெட் தராமல் நிறுத்தியபோது என்னிடம்தான் வந்தான். பி.ஆர்.ஓ.வுக்கு போன் போட்டேன். "அட்மிஷன் செக்ஷன் வேற, அக்கவுன்ட்ஸ் வேற சார்" என்றார் அவர். நியாயமான பதில். என் வேலையும் அட்மிஷனோடு முடிந்துவிட்டிருந்தது.

இன்னொன்றும் இருக்கிறது. வருடக் குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதன் பிறகு ஒரு வருடத்துக்குமான வட்டியை மத்திய அரசே ஏற்றுக்கொள்ளும் திட்டம் 2009-லிருந்து உண்டு. தாசில்தாரிடம் வருமானச் சான்றிதழ் வாங்கி வங்கியில் கொடுக்க வேண்டும். மேலே நான் போட்ட கணக்கில் அந்த இரண்டே முக்கால் லட்சம் அப்படியே குறைந்திருக்கும். எனக்கு அது தெரியும். ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒரு வங்கி அதிகாரி வந்து விளக்கியிருக்கிறார். நான் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைத்ததுகூட இல்லை. சொல்வதால் எனக்கு ஒன்றும் வராது என்பதால் ஞாபகத்துக்கு வரவில்லை. மறைத்திருந்தால்கூட அதில் கொஞ்சம் முயற்சி இருந்திருக்கும்.

தனியார் கல்லூரி என்றாலே கொள்ளை என்று நான் சொல்லவரவில்லை. அப்படிச் சொல்வது எனக்கு வசதியாக இருக்கும், பழி அவர்கள் பக்கம் போய்விடும். 1984-ல் எம்.ஜி.ஆர். அரசு சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கொடுக்காமல் இருந்திருந்தால், எங்கள் வட்டாரத்தில் இன்று இன்ஜினியர் என்று சொல்லிக்கொள்ளப் பாதிப் பேர்கூட இருக்கமாட்டார்கள். என்னிடம் படித்துக் கலந்தாய்வில் சுயநிதிக் கல்லூரிக்குப் போய், சலுகையோடு கட்டணம் கட்டி, இன்று ஓசூரில் சொந்த வீடு வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஆனது. ஆகாதவர்களையும் ஆகும் என்று சொல்லி அனுப்பினேன் என்பதுதான் என் குற்றம். அதுவும் அவர்களுக்கு ஆகாது என்பது தெரிந்தே.

ஏன் வாங்கினேன் என்று மனைவி ஒருமுறை கேட்டாள். "எல்லாரும் வாங்கறாங்க" என்றேன். அது உண்மை இல்லை. என்னுடன் வேலைபார்த்த வேதியியல் ஆசிரியை அந்த டைரியைக்கூடத் தொட்டதில்லை. நாங்கள் ஆசிரியர் அறையில் அவரைக் கிண்டல் செய்வோம். பணத்தைவிட எனக்கு அந்த மரியாதை பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். கல்லூரிச் சேர்மன் ஏற்காட்டில் ஹோட்டல் பிடித்து ஆசிரியர்களுக்கு விருந்து வைப்பார், எழுந்துவந்து கைகொடுப்பார். பள்ளியில் இத்தனை வருடம் சுண்ணாம்புத் தூளில் நின்றதற்கு வேறு யாரும் எழுந்து நின்று கைகொடுத்தது இல்லை. கவர் வாங்காதவர்களை அந்த விருந்துக்குக் கூப்பிடமாட்டார்கள்.

ஓய்வுபெற்ற பிறகும் ஆட்கள் வருகிறார்கள். இப்போது அவர்களுக்கு எதிரில் ஒரு நோட்டைத் திறந்துவைத்துக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். மொத்தம் எவ்வளவு, கடன் எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு, கலந்தாய்வில் போனால் எவ்வளவு மிச்சம். அரசுப் பள்ளிப் பிள்ளை என்றால் 2021-லிருந்து பொறியியலிலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு இருக்கிறது, கல்விக் கட்டணத்தோடு விடுதிச் செலவையும் அரசே ஏற்கிறது. நான் வேலைபார்த்ததைப் போன்ற உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது கிடையாது. 2024-ல் வந்த பி.எம். வித்யாலட்சுமி திட்டத்தில் தேர்ந்தெடுத்த கல்வி நிறுவனங்களில் படிக்கப் பிணை இல்லாமல் கடன் கிடைக்கிறது. பிணை கேட்கவில்லை என்றால் திருப்பிக் கேட்கமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, அதையும் விளக்க வேண்டியிருக்கிறது. பலருக்கு என் நோட்டு பிடிப்பதில்லை. "வாத்தியாருக்கு வயசாயிருச்சு, பயப்படறாரு" என்று சொல்லிவிட்டு வேறு வாத்தியாரிடம் போகிறார்கள். அந்த வாத்தியாருக்குக் கவர் வருமா என்று எனக்குத் தெரியும்.

தறிப்பட்டறைக்காரரின் மகன் 2022-ல் முடித்துவிட்டான். அந்த வருடம் ஐ.டி. நிறுவனங்கள் நிறைய ஆள் எடுத்தன, இவனுக்கும் சென்னையில் கிடைத்தது. முதல் சம்பளத்தில் அப்பாவும் மகனும் ஸ்வீட் பாக்ஸோடு வீட்டுக்கு வந்தார்கள். "நீங்க காட்டுன வழிங்க சார்" என்றார் அப்பா. அவருக்கு வயது ஐம்பதுக்கு மேல், இன்னும் தறி ஓட்டுகிறார். அட்வான்ஸ் இன்னும் தீரவில்லை. அம்மாவின் குழுக்கடனை அடைக்க இன்னொரு குழுக்கடன். மகன் வங்கித் தவணை கட்டுகிறான், வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சுவதில்லை. தங்கச்சி பிளஸ் டூ முடித்துவிட்டு ஒரு ஜவுளிக் கம்பெனியில் பீஸ் செக்கிங்குக்குப் போகிறாள். அவளும் என்னிடம் படித்தவள்தான், கணக்கில் அண்ணனைவிடக் கெட்டி. அவளை எங்கே சேர்க்கலாம் என்று கேட்க யாரும் வரவில்லை. கேட்பதற்கு அந்த வீட்டில் ஒன்றும் மிச்சமில்லை.

அன்று ஸ்வீட் பாக்ஸை வாங்கிக்கொண்டேன். சொல்லிவிட அதைவிட நல்ல நேரம் வராது. சொல்லவில்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பலமுறை நினைத்திருக்கிறேன். எதற்காகக் கொடுக்கிறேன் என்று சொல்லாமல் கொடுக்க முடியாது. சொன்னால் வழியில் பார்க்கும்போது அவர் சைக்கிளை விட்டு இறங்கி வணக்கம் வைப்பது நின்றுவிடும். அந்த வணக்கத்தை இழக்க எனக்கு மனம் வரவில்லை, இன்னும்தான்.

அவர் பத்திரிகை படிக்கிறவர் அல்ல. மகன் படிப்பான், சென்னையில் இருக்கிறான், பேரே போடாவிட்டாலும் யார் எழுதியது என்று முதல் பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவான். தங்கச்சியைக் கூட்டிக்கொண்டு வரச்சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அவளுடைய மதிப்பெண் பட்டியலோடு. வருவார்களா என்று தெரியவில்லை.